ஃபுளோரிடா தக்காளியில் ஃபேஜ் தெளிப்பு: பாக்டீரியா இலைப்புள்ளி நோய் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2005ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆம்னிலிட்டிக்ஸ் நிறுவனத்தின் அக்ரிஃபேஜ் என்னும் தயாரிப்பைப் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாகப் பதிவு செய்தது. தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் பாக்டீரியா இலைப்புள்ளி நோய்க்கும், தக்காளியில் வரும் சிறுபுள்ளி நோய்க்கும் எதிராகத் தெளிக்கப்படுவது அது. அதன் செயல்படு பொருள் வேதிப்பொருள் அன்று. பாக்டீரியாவுக்குள் மட்டுமே பெருகத் தெரிந்த பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், எனப்படும் வைரஸ். செடியையோ மனிதரையோ தேனீயையோ அது தொற்றுவதில்லை. எல்லாப் பாக்டீரியாவையும் கூட அது தொடுவதில்லை. தனக்கு உரிய ஓரினத்தின் சில திரிபுகளை மட்டுமே தேடிப் பிடிக்கிறது.

இந்தப் பதிவுக்குப் பின்னால் ஃபுளோரிடாவின் தக்காளி வயல்களில் நடந்த ஏறத்தாழப் பத்தாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. பயிர் நோய்க்கு ஃபேஜ் பயன்படுமா என்ற கேள்விக்கு இவ்வளவு பொறுமையாகவும், சாதகமற்ற முடிவுகளையும் வெளியிட்டும் விடை தேடிய நிகழ்வு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: ஃபேஜ் பாக்டீரியாவைக் கொல்லுமா என்பது ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. வெயில் காயும் ஓர் இலையின் மேல், பாக்டீரியா வந்து சேரும் நேரம் வரை ஃபேஜ் அழியாமல் இருக்குமா என்பதே முழுச் சிக்கலும்.

மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்ற கதை

அமெரிக்காவிலேயே விளைந்து, சமையலுக்கும் சாலடுக்கும் பதப்படுத்தாமல் விற்கப்படும் தக்காளியில் பெரும் பங்கை, குறிப்பாகக் குளிர்மாதங்களில், ஃபுளோரிடா தருகிறது. குளிர்காலத்திலும் பயிர் செய்ய இடம் கொடுக்கும் அதே வெதுவெதுப்பும் ஈரமும்தான் சாந்தோமோனாஸ் பேரினத்துப் பாக்டீரியாவுக்கும் ஏற்றவை. காற்றோடு சேர்ந்த மழை இலையில் அறையும்போது, இலைத்துளைகள் வழியாகவும் சிறு காயங்கள் வழியாகவும் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. முதலில் நீர் கோத்தது போன்ற சிறு புள்ளிகள் தோன்றுகின்றன. அவை பழுப்பாகிக் கருகி, சுற்றிலும் மஞ்சள் படர, இலை உதிர்கிறது. இலை மறைப்பு போனதும் காய்கள் வெயிலில் வெந்து போகின்றன. காயின் மேலேயே சொரசொரப்பான புள்ளி விழுந்தால், உள்ளே எவ்வளவு நன்றாக இருந்தாலும் சந்தை அதை வாங்குவதில்லை.

நோய் விதையோடும் வருகிறது. குழித்தட்டுகளில் நாற்றுகள் நெருக்கமாக வளரும் நாற்றுக்கூடங்களில், மேலிருந்து தெளிக்கும் பாசன நீர் ஒரு நாற்றிலிருந்து பக்கத்து நாற்றுகளுக்கெல்லாம் பாக்டீரியாவைச் சிதறடிக்கிறது. இரண்டு மூன்று நாற்றுகளில் தொடங்கியது நடவுக்கு முன்பே கூடம் முழுவதும் பரவிவிடலாம். கண்ணுக்குப் புள்ளி தெரியாத நாற்றும் கிருமியைச் சுமந்து வயலுக்குப் போகலாம்.

1950களில் இதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் எதிர்நுண்ணுயிரி மருந்தைத் தெளித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத திரிபுகள் தோன்றின; 1962இல் ராபர்ட் ஸ்டாலும் உடன் ஆய்வாளரும் ஃபுளோரிடாவில் இதைப் பதிவு செய்தனர். அடுத்து தாமிர மருந்துகள் முதன்மை பெற்றன. 1983இல் தாமிரத்தையும் தாங்கும் திரிபுகள் பற்றிய ஆய்வு வந்தது. தாங்குதிறனைத் தரும் மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் நகரும் டிஎன்ஏ வளையத்தில் இருந்ததால், ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு அவை எளிதில் கைமாறின. தாமிரத்தோடு மான்கோசெப் என்னும் பூஞ்சைக்கொல்லியைக் கலந்தால் கரைசலில் தாமிர அயனிகள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் விவசாயிகள் அந்தக் கலவைக்கு மாறினர். அதுவும் மழை மிகுந்த பருவத்தில் போதவில்லை.

இதற்கிடையே கிருமியே மாறிக்கொண்டது. 1991க்கு முன் ஃபுளோரிடாத் தக்காளியில் இருந்தது டி1 என்னும் இனக்குழு. அந்த ஆண்டு டி3 கண்டறியப்பட்டது; டி1ஐக் கொல்லும் பாக்டீரியோசின் என்னும் புரதங்களை அது சுரந்ததால், சில ஆண்டுகளில் வயல்களை அது கைப்பற்றிக்கொண்டது. இந்தக் குழுவுக்கு 2004இல் சாந்தோமோனாஸ் பெர்ஃபோரன்ஸ் என்று தனி இனப்பெயரே கொடுக்கப்பட்டது. ஒரு கிருமியை மட்டும் குறிவைக்கும் எந்த முறைக்கும் இந்த இடமாற்றம் நேரடியான எச்சரிக்கை. ஃபேஜ் ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே அதை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

பழைய யோசனை, புதிய ஃபேஜ்

பயிருக்கு ஃபேஜ் என்ற யோசனை புதிதன்று. ஃபிரெடரிக் டுவார்ட் 1915இலும் ஃபெலிக்ஸ் தெரெல் 1917இலும் ஃபேஜ்களைக் கண்டறிந்து அறிவித்தனர். பத்தாண்டு முடிவதற்குள், 1924இல், மால்மனும் ஹெம்ஸ்ட்ரீட்டும் அழுகிய முட்டைக்கோசிலிருந்து வடித்த நீர் அந்த அழுகலுக்குக் காரணமான பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதைக் கண்டனர். 1935இல் தாமஸ் என்பவர், ஸ்டூவர்ட் வாடல் நோய்க் கிருமி படிந்த மக்காச்சோள விதைகளை ஃபேஜில் நனைத்து விதைத்தபோது, நோய் 18 விழுக்காட்டிலிருந்து 1.4 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வளவு நல்ல முடிவுக்குப் பிறகும் அந்தத் துறை வாடியது. ஆய்வகத்தில் வெற்றி பெற்றவை வயலில் நிலையாக நிற்கவில்லை. எதிர்நுண்ணுயிரிகளும் தாமிரமும் எளிதாகவும் மலிவாகவும் கிடைத்தன. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதிய மதிப்பீடும் ஃபேஜ் மீதான நம்பிக்கையைக் குறைத்தது.

ஒற்றை ஃபேஜை நம்பினால் பாக்டீரியா சில தலைமுறைகளில் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட மூலக்கூறில் ஒட்டிய பிறகே ஃபேஜ் தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்துகிறது. அந்த மூலக்கூறு சற்று மாறினாலே ஒட்டுதல் நடக்காது. இதற்கு விடையாக லீ ஜாக்சன் 1989இல் காப்புரிமை பெற்ற முறை எனக்கு மிகவும் கூர்மையானதாகத் தெரிகிறது. முதலில் ஒரு ஃபேஜுக்குத் தப்பிய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு அந்தத் தப்பிய பாக்டீரியாவின் மேல் ஏராளமான ஃபேஜ்களை விட்டு, அவற்றில் இயல்பான திடீர்மாற்றத்தால் அதையும் கொல்லக்கூடியதாகிவிட்ட ஃபேஜைத் தேடிப் பொறுக்குகிறார்கள். இப்படிக் கிடைக்கும் விரிந்த வீச்சுள்ள ஃபேஜ் மூல பாக்டீரியாவையும் தப்பிய பாக்டீரியாவையும் தாக்கும். மரபணுப் பொறியியல் எதுவும் இதில் இல்லை. இத்தகைய பல ஃபேஜ்களைக் கலந்தால், பாக்டீரியா ஒரே நேரத்தில் எல்லாவற்றிலிருந்தும் தப்புவது மிக அரிது.

1997, 1998 பருவங்கள்

கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஜோன்ஸ் குழுவினர், டி1, டி3 ஆகிய இரண்டையும் தாக்கும் ஃபேஜ் கலவையை ‘சன்பீம்’ தக்காளியில் சோதித்தனர். வெறும் நீர், தாமிர–மான்கோசெப், ஃபேஜ் ஆகிய மூன்றையும் நாற்றுக்கூடத்திலும் வயலிலும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது.

1997இல் நாற்றுக்கூடத்தில், நீர் தெளித்த நாற்றுகளில் 40.5 விழுக்காடு நோயுற்றன. தாமிரக் கலவை தெளித்தவற்றில் அது 5.5 விழுக்காடு, ஃபேஜ் தெளித்தவற்றில் 0.9 விழுக்காடு. அடுத்த ஆண்டு இந்த எண்கள் முறையே 17.4, 5.5, 2.7 என்று வந்தன. போக்கு ஒன்றுதான் என்றாலும், இரண்டாம் ஆண்டு வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை என்பதை ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஃபேஜ் பற்றிய செய்திகள் முதலாண்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயலில் படம் வேறு. பருவம் முழுவதற்குமான நோய்த் தீவிரத்தை அளந்தபோது, நீர் மட்டும் தெளித்த பாத்திகளைவிட ஃபேஜ் தெளித்த பாத்திகளில் அது முதலாண்டு 17.5 விழுக்காடும் மறு ஆண்டு 16.8 விழுக்காடும் குறைந்திருந்தது. நாற்றுக்கூடத்தின் எண்ணைப் பார்த்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் விவசாயிக்கு விலை தரும் மிகப் பெரிய காய்களின் எடை, நீர் மட்டும் பெற்ற பாத்திகளோடு ஒப்பிட்டால் 14.9 விழுக்காடும் 24.2 விழுக்காடும் கூடியது. தாமிரக் கலவை பெற்ற பாத்திகளோடு ஒப்பிட்டால் 37.8 விழுக்காடும் 23.9 விழுக்காடும் கூடியது.

கடைசி எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு ஒப்பீடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1997இல் தாமிரக் கலவை தெளித்த பாத்திகள், நீர் மட்டும் தெளித்தவற்றைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவாகவே பெரிய காய் தந்திருக்கின்றன. 1998இல் இரண்டும் சமம். அதாவது வழக்கமான மருந்துக்காகச் செலவிட்ட பணம் பெரிய காய்களாகத் திரும்பி வரவில்லை. இலையிலும் மண்ணிலும் தொடர்ந்து சேரும் தாமிரம் பற்றிக் கவலைப்படுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெயில் என்னும் எதிரி

நாற்றுக்கூடத்தில் அவ்வளவு சிறப்பாக இருந்தது வயலில் ஏன் இவ்வளவு சுருங்கியது? ஃபேஜ் என்பது புரத உறைக்குள் பொதிந்த மரபுப் பொருள். தன் டிஎன்ஏவைத் தானே பழுதுபார்க்க அதற்கு வழியில்லை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் அந்த டிஎன்ஏவைச் சிதைக்கிறது. இலை காய்வதும், வெப்பமும், இலையில் படிந்த தாமிரமும் மீதத்தைக் குறைக்கின்றன. தக்காளி இலையில் ஃபேஜின் நிலைப்பைப் பாதிக்கும் காரணிகளை ஆராய்ந்து அதே குழுவினர் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இவற்றுள் சூரிய ஒளியே பெரிது என்று காட்டியது. காலையில் தெளித்த ஃபேஜ் மாலைக்குள் பெரும்பாலும் இல்லாமல் போகிறது.

இதற்கான முதல் விடைகள் போட்டோண்ட் பாலோக் முதன்மை ஆசிரியராக 2003இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளன. ஃபேஜைத் தனியாகத் தெளிக்காமல் இலையின் மேல் மெல்லிய காப்புப் படலம் அமைக்கும் பொருள்களோடு கலந்தார்கள். முன்பே வேகவைத்துப் பதப்படுத்திய மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஒன்று. கேசீன் என்னும் பால்புரதம் சார்ந்த காஸ்கிரீட், சர்க்கரை, சிறிதளவு அந்த மாவு ஆகியவை மற்றொன்று. கொழுப்பு நீக்கிய பால்பொடி 0.75 விழுக்காடும் சர்க்கரை 0.5 விழுக்காடும் மூன்றாவது. பசுமைக்கூடத்தில், எதுவும் கலக்காத ஃபேஜ் நோயை 1 விழுக்காடு மட்டுமே குறைத்தது. மாவுக் கலவை 30, காஸ்கிரீட் 51, பால்பொடி 62 விழுக்காடு குறைத்தன. ஒரே ஃபேஜ், ஒரே கிருமி. மாறியது இலையில் அது எவ்வளவு நேரம் தங்கியது என்பது மட்டுமே. தெளித்து 36 மணி நேரத்துக்குப் பிறகு எண்ணியபோது, காஸ்கிரீட்டோடு தெளித்த ஃபேஜ் தனியாகத் தெளித்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இருந்தது.

மூன்று வயல் சோதனைகளில் தனி ஃபேஜ் நோயை 15, 20, 9 விழுக்காடு குறைத்தது. காஸ்கிரீட் கலவை 30, 43, 24 விழுக்காடு குறைத்தது. பசுமைக்கூடத்தில் முதலிடம் பெற்ற பால்பொடி வயலில் ஒரே முறை சோதிக்கப்பட்டு 18 விழுக்காடு மட்டுமே தந்தது. தாமிர–மான்கோசெப் ஒரு சோதனையில் நோயை 20 விழுக்காடு குறைத்தது. இன்னொன்றில் நோய் 13 விழுக்காடு கூடியிருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்த ஆய்வின் சிறிய ஒரு பகுதி. அதே மாவுக் கலவையைக் காலையில் தெளித்தபோது நோய் 13 விழுக்காடும், மாலையில் தெளித்தபோது 27 விழுக்காடும் குறைந்தது. கூடுதல் பொருள் இல்லை, கூடுதல் செலவு இல்லை. தெளிக்கும் வேளை மட்டும் மாறியது, பயன் இரட்டிப்பானது. மாலையில் தெளித்த ஃபேஜுக்கு வெயிலற்ற ஓர் இரவு முழுதாகக் கிடைக்கிறது; இலை ஈரமாகவும் இருக்கிறது; பாக்டீரியா இலைப்பரப்பில் நகர்வதும் பெருகுவதும் அந்த ஈரத்தில்தான். ஃபேஜ் பெருக வேண்டுமானால் ஓரளவு அடர்த்தியில் பாக்டீரியாவைச் சந்தித்தாக வேண்டும். அந்தச் சந்திப்புக்கு இரவே வாய்ப்பு.

பாக்டீரியா இலைத்துளைக்குள் புகுந்து திசுவில் குடியேறிவிட்டால், மேலே தெளித்த ஃபேஜ் அதை எட்டாது. ஆகவே புள்ளிகள் தெரிந்த பிறகு தெளிப்பதில் பயன் குறைவு. நாற்றுப் பருவத்திலேயே தொடங்கி, நோய்க்கு வாய்ப்புள்ள காலம் முழுவதும் அடிக்கடி தெளிக்க வேண்டியிருப்பது இதனால்தான். அதற்கான கூலியும் எரிபொருளும் செலவுக் கணக்கில் சேர்கின்றன.

துணையோடும் துணையின்றியும்

ஃபேஜை மட்டும் நம்பாமல், செடியின் சொந்த எதிர்ப்பைத் தூண்டும் அசிபென்சோலார்-எஸ்-மெத்திலோடு சேர்த்துப் பயன்படுத்தும் முறையை ஒப்ராடோவிச்சும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட வயலாய்வில் சோதித்தனர். இரண்டும் சேர்ந்தபோது இலைநோய் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஒன்று இலைப்பரப்பில் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, மற்றது உள்ளே புகுந்த கிருமிக்கு எதிராகச் செடியைத் தயார்ப்படுத்துகிறது என்பதால் இந்த இணைப்பில் பொருள் இருக்கிறது.

எல்லாப் பயிரிலும் இதே பயன் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. எலுமிச்சை இனங்களின் சொறிநோய்க்கு எதிராக 2008இல் வெளியான ஆய்வில் ஃபேஜ் நோயைக் குறைத்தது உண்மையே. ஆனால் தாமிர–மான்கோசெப் அதைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. தக்காளியில் உதவிய பால்பொடிக் கலவையும் அங்கே நோய்க் கட்டுப்பாட்டை உயர்த்தவில்லை. தாமிரத்துக்குக் கிருமி இன்னும் அடங்கும் இடத்தில் ஃபேஜுக்கு வேலை குறைவு என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இலைப்பரப்பில் தங்காத ஃபேஜை அங்கேயே உற்பத்தி செய்தால் என்ன என்பது அடுத்து எழுந்த யோசனை. நோய் உண்டாக்கும் ஆற்றல் குறைக்கப்பட்ட சாந்தோமோனாஸ் திரிபு ஒன்றை ஃபேஜோடு சேர்த்துத் தெளித்தால், அந்தத் திரிபுக்குள் ஃபேஜ் பெருகி எண்ணிக்கை குறையாமல் காக்கும். ஃபேஜை மண்ணில் ஊற்றினால் வேர் வழியாக அது செடிக்குள் ஏறுகிறதா என்றும் பார்த்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டு வழிகளையும் விவரிக்கிறது. கனடாவில் அன்டோனெட் ஸ்விர்செவ் குழுவினர் பேரிக்காய், ஆப்பிள் மரங்களின் தீக்கருகல் நோய்க்கு இதே சிந்தனையைக் கையாண்டனர். பூக்களில் இயல்பாக வாழும் தீங்கற்ற பேன்டோயா பாக்டீரியாவில் ஃபேஜை ஏற்றித் தெளிக்க, அந்தப் பாக்டீரியாவே ஃபேஜுக்கு வாகனமாகவும் உணவாகவும் ஆகிறது.

வெயிலே எட்டாத இடத்தில் ஃபேஜை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆய்வு விடை தருகிறது. சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியா திராட்சைக்கொடியின் நீர்க்குழாய்களை அடைத்துக் கொடியைக் கொல்கிறது. பியர்ஸ் நோய் என்பது அதற்குப் பெயர். கார்லோஸ் கொன்சாலெஸ் குழுவினர் சானோ, சால்வோ, பிராடோ, பாஸ் என்று பெயரிட்ட நான்கு ஃபேஜ்களின் கலவையைக் கொடியின் தண்டுக்குள் ஊசி வழியாகச் செலுத்தி, நோய் வருவதைத் தடுக்கவும், வந்த நோயின் வளர்ச்சியை நிறுத்தவும் முடிந்ததை 2015இல் வெளியிட்டனர். கிருமியும் ஃபேஜும் ஒரே இருட்டுக் குழாயில் இருப்பதால், தக்காளி இலையில் போராட வேண்டியிருந்த எதிரிகள் அங்கே இல்லை. ஒவ்வொரு கொடிக்கும் ஊசி போடும் உழைப்பு பல ஆண்டு வாழும் திராட்சைக்குக் கட்டும். ஒரு பருவம் வாழும் தக்காளிக்குக் கட்டாது.

ஆகவே தக்காளிக்கு மிகப் பொருத்தமான இடம் நாற்றுக்கூடமே என்பது என் முடிவு. அங்கே மறைப்பு இருக்கிறது, பரப்பு சிறிது, ஒரு லிட்டர் கலவை ஏராளமான நாற்றுகளுக்குப் போதும், கிருமியும் அப்போதுதான் இலைப்பரப்பில் எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. 1997இன் 0.9 விழுக்காடு கிடைத்ததும் அங்கேதான். வயலில் ஃபேஜைத் தொடர விரும்புபவர் மாலைத் தெளிப்பையும் காப்புக் கலவையையும் விடக் கூடாது. தாமிரம் தெளித்த இலையின் மேல் உடனே ஃபேஜைத் தெளிக்கவும் கூடாது.

இன்னொரு வேலை பருவந்தோறும் திரும்பச் செய்ய வேண்டியது. டி1 போய் டி3 வந்தது போல, அதன் பின் டி4 என்னும் குழுவும் ஃபுளோரிடா வயல்களில் பரவியது. நேற்றைய கிருமிக்குச் சேர்த்த ஃபேஜ் கலவை இன்றைய கிருமியைத் தாக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சோதனை எளிதானது. அந்த வயலின் புள்ளி விழுந்த இலையிலிருந்தே பாக்டீரியாவைப் பிரித்து, ஊட்டக்கூழ்த் தட்டில் சீராகப் படரவிட்டு, அதன் மேல் கலவையிலுள்ள ஒவ்வொரு ஃபேஜிலும் ஒரு துளி வைத்து மறுநாள் பார்க்க வேண்டும். துளி விழுந்த இடம் தெளிந்திருந்தால் அந்த ஃபேஜ் வேலை செய்கிறது. மங்கலாகவே இருந்தால், அந்த வயலின் மண்ணிலிருந்தோ அழுகிய இலையிலிருந்தோ புதிய ஃபேஜைத் தேடிச் சேர்த்த பிறகே தெளிப்பைத் தொடங்க வேண்டும்.